180-ஐ 45 ஆக்குங்கள்: ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கவுன்சில் தலைவருக்கும் எல்லா மாநில நிதியமைச்சர்களுக்கும்,

வணக்கம்.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சிறிய மெஷின் ஷாப் நடத்துகிறேன். கணினியில் ஓடும் மெஷின்கள் மூன்று (இரண்டு சி.என்.சி., ஒரு வி.எம்.சி.), மூலையில் ஒரு பழைய லேத். பம்புக்கும் வால்வுக்கும் ஷாஃப்ட், ஸ்லீவ், புஷ் கடைந்து கொடுப்பதுதான் தொழில். சிறுதொழில் வளர என்ன வேண்டும் என்று கேட்டு நடக்கும் கருத்தரங்குகளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கடன், பயிற்சி, தொழில்நுட்பம், ஏற்றுமதி என்று மேடையில் வரிசையாகப் பேசுவார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் அடுத்த நாற்காலிக்காரரிடம் பேசினால் அவர் கேட்பது ஒன்றுதான்: "உங்களுக்குப் பேமெண்ட் எல்லாம் எப்படி வருதுங்க?"

அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். சிறிய சப்ளையருக்குப் பணம் தர உங்கள் சட்டம் பெரிய கம்பெனிக்கு விடும் 180 நாளை 45 நாள் ஆக்குங்கள் என்பதுதான் நான் கேட்பது. இதை ஏன் சிறுதொழில் அமைச்சகத்திடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன் என்று தோன்றலாம். அவர்களிடம் சட்டம் இருக்கிறது. பிடி உங்களிடம் இருக்கிறது.

முதலில் ஒரு பில்லைப் பாருங்கள். ஒரு பம்பு கம்பெனிக்கு ஷாஃப்ட் அனுப்புகிறேன். மதிப்பு 1,00,000 ரூபாய், 18 சதவீத வரி சேர்த்து 1,18,000. இதற்கு இ.என்.8 ரக இரும்பு ரவுண்ட் பார் 50,000 ரூபாய்க்கு வாங்கியிருப்பேன், அதன் வரி 9,000. இரும்புக் கடைக்காரர் என்னைப் போன்ற ஆளுக்குக் கடன் தருவதில்லை. பணம் ஏறினால்தான் வண்டி கிளம்பும். கார்பைடு இன்சர்ட்டும் கூலண்டும் அப்படித்தான். ஆட்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், அது ஒரு வாரம்கூடத் தள்ளாது. கரண்ட் பில் தள்ளினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்த மாதம் 20ஆம் தேதி வந்தால் மிச்சமுள்ள 9,000 வரியை 3பி என்ற ஜி.எஸ்.டி. படிவத்தில் கட்டுகிறேன். ஆக 18,000 ரூபாய் வரி முழுக்க என் கையைவிட்டுப் போய்விட்டது. கம்பெனியிடமிருந்து எனக்கு இன்னும் ஒரு பைசா வரவில்லை.

அந்த 18,000-ஐ கம்பெனி அதே மாதம் இன்புட்டாக, அதாவது பொருள் வாங்கும்போது ஏறிய வரியாக, எடுத்துத் தன் வரியில் கழித்துக்கொள்கிறது. என் பணம், அவர் வரி. எனக்குப் பணம் வருவது 90 நாளில், 120 நாளில். நான் கட்ட ஒரு நாள் பிந்தினால் உங்கள் சட்டத்தின் 50ஆவது பிரிவு என்னிடம் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி கேட்கிறது, அதுவும் நான் இன்னும் வாங்காத பணத்துக்கான வரிக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாலு மாதமாக என் போனை எடுக்காத அக்கவுண்ட்ஸ் பிரிவு, 14ஆம் தேதி தாண்டியதும் தானாகவே கூப்பிடும். "சார், உங்க பில் 2பி-ல வரலையே, ஆர்-1 போடலையா?" என்று அவ்வளவு அக்கறையாக விசாரிப்பார்கள். ஆர்-1 என்பது நான் போடும் விற்பனைக் கணக்கு; அதில் ஏறினால்தான் என் பில் அவர்களுடைய 2பி பட்டியலில் வரும், இன்புட்டும் கிடைக்கும். சரிங்க, போட்டுடறேன், போன மாசத்துப் பணம் என்னாச்சு என்று கேட்டால், "பில் புக் ஆயிடுச்சு சார், அடுத்த பேமெண்ட் ரன்ல வந்துடும்" என்று வைத்துவிடுவார்கள். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் சம்பளத்துக்கு வேலை செய்கிறான். இன்புட் விட்டுப்போனால் அவனை மேலே கேட்பார்கள். என் பணம் விட்டுப்போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் சொல்ல வந்ததே இதுதான். இந்த நாட்டில் பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு மதிக்கும் ஒரே நாட்காட்டி ஜி.எஸ்.டி. நாட்காட்டி. சிறுதொழிலுக்குப் பணம் சேர வேண்டும் என்றால் அந்த நாட்காட்டியில் அதை எழுத வேண்டும்.

அதில் ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. (சி.ஜி.எஸ்.டி.) சட்டத்தின் 16(2) பிரிவு, சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி தான் எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும் என்கிறது. பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. எந்த ஆடிட்டரும் இதைக் கோட்டை விடுவதில்லை. 180ஆம் நாள் நெருங்கும் பில்களைத் தனியாகப் பட்டியல் எடுத்துப் பணம் போட்டுவிடுவார்கள். இன்னொரு பக்கம் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். இரண்டும் ஒரே நாடாளுமன்றம் போட்ட சட்டம்தான். 45-ஐ மீறினால் நான் போய் வழக்காட வேண்டும். 180-ஐ மீறினால் கம்பெனிக்கே நஷ்டம். அவர்கள் எந்த எண்ணை வைத்துத் திட்டம் போடுவார்கள்?

45 நாள் சட்டம் உப்புச்சப்பில்லாதது என்று சொல்லவில்லை. ஏட்டளவில் அது மிகக் காட்டமானது. பிந்திய பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதிக் கவுன்சிலில் மனு போட்டால் 90 நாளில் முடிக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்துப் போகும் கம்பெனி 75 சதவீதப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் கோர்ட் படி ஏற முடியும். 2017இல் சமாதான் என்ற இணையதளம்கூட வந்தது, வீட்டில் இருந்தே புகார் போடலாம். ஆனால் அந்த மனுவில் மேலே என் பெயர், கீழே கம்பெனியின் பெயர். என் வேலையில் பாதி அந்த ஒரு கம்பெனியிடமிருந்து வருகிறது என்றால் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? வழக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பார்ட்டியோடு உறவு முறிந்தவர்கள், அல்லது கடையை மூடியவர்கள். தொழிலில் இருக்கிறவனைக் காப்பாற்ற வந்த சட்டம், தொழிலை விட்டுப் போகிறவனுக்குத்தான் பயன்படுகிறது.

அப்புறம் 2023இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால், உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை அதைச் செலவாகக் கழிக்க முடியாது. 2024 மார்ச் மாதம் அதன் சக்தியைக் கண்ணால் பார்த்தோம். ஒரு வருடமாக நகராத பில்லெல்லாம் கடைசி வாரத்தில் நகர்ந்தது. பணத்தை முடக்கினால் வரியில் அடி விழும் என்றால் கம்பெனிகள் கொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தப் பிரிவில் இரண்டு ஓட்டை. ஏப்ரல் மாத பில்லை அடுத்த மார்ச் 31க்குள் கொடுத்துவிட்டால் கழிவு போவதில்லை, பதினோரு மாதம் நிம்மதியாக இழுக்கலாம். இரண்டாவது, அது உத்யம் பதிவை, அதாவது நான் சிறுதொழில் என்று அரசிடம் செய்யும் பதிவை, நம்பி நிற்கிறது. அந்த மாதங்களில் "உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை" என்று சப்ளையர்களிடம் சொன்ன கம்பெனிகள் உண்டு, பத்திரிகைகளிலும் வந்தது. ரத்து செய்தவர்களும் உண்டு. பாதுகாப்பைக் கழற்றிப் போடும் சாவியை, அடி வாங்குகிறவன் கையிலேயே கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

ஆகவே என் கோரிக்கை. ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேலுள்ள கம்பெனி, சிறிய சப்ளையரிடம் வாங்கிய பொருளுக்கு எடுக்கும் இன்புட்டுக்கு, 16(2)இல் உள்ள 180ஐ 45 ஆக்குங்கள். சப்ளையர் சிறியவரா என்பதை உத்யம் சான்றிதழ் தீர்மானிக்க வேண்டாம், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் உள்ள விற்றுமுதல் தீர்மானிக்கட்டும். அதை யாரும் மிரட்டி ரத்து செய்யச் சொல்ல முடியாது. 250 கோடி என்பது நான் கண்டுபிடித்த எண் அல்ல. சிறுதொழில் பில்களை வங்கிகளுக்கு ஏலம் விடும் டிரெட்ஸ் தளத்தில் கட்டாயம் சேர வேண்டிய கம்பெனிகளுக்கு 2024 நவம்பரில் மத்திய அரசு போட்ட கோடு அதுதான்.

பொருள் எப்போது ஏற்கப்பட்டது, 45 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற தகராறு வரும் என்பீர்கள். வரும். இந்த இடத்தில்தான் எங்கள் ஊரில் கலையே இருக்கிறது. பொருள் கேட்டுக்குள் போய்விடும், ஸ்டோர்ஸில் சரக்கு வரவுச் சீட்டு போட மாட்டார்கள். தரம் பார்க்கும் க்யூ.சி. ஆள் லீவு என்பார்கள். ஷாஃப்ட் பம்புக்குள் ஏறி, பம்பு விற்று, ஏதோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். என் பில்லுக்கு இன்வர்ட் மட்டும் ஆகியிருக்காது. 15 நாளில் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் பொருள் கொடுத்த நாளே ஏற்ற நாள் என்று 2006 சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நாளை நிரூபிக்கும் காகிதம் கம்பெனியின் ஸ்டோர்ஸில்தானே இருக்கிறது.

இந்தத் தகராறுக்கும் மருந்து உங்களிடமே இருக்கிறது. 2024 அக்டோபரில் நீங்கள் கொண்டுவந்த இன்வாய்ஸ் மேலாண்மை முறையில் ஒவ்வொரு பில்லையும் வாங்குகிறவர் ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கணக்கு. இன்புட் எடுத்தவர் பொருளை ஏற்றுவிட்டார் என்று ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள். போர்ட்டல் அன்றிலிருந்து நாளை எண்ணட்டும். பொருள் சரியில்லை என்றால் நிறுத்தி வைக்கட்டும், அப்போது இன்புட்டும் நிற்கும். இன்புட்டுக்கு மட்டும் பொருள் வந்துவிட்டது, பணத்துக்கு வரவில்லை என்ற இரட்டைப் பேச்சு அத்தோடு தீரும்.

இதே தேதி டிரெட்ஸுக்கும் பயன்படும். பில்லை வங்கிகளுக்கு ஏலம் விட்டு உடனே பணம் வாங்கும் அந்தத் தளத்துக்கு ரிசர்வ் வங்கி 2014இலேயே வழிகாட்டு விதிகள் தந்தது. கம்பெனி பின்னால் பணம் தராவிட்டாலும் வங்கி என்னிடம் திரும்பி வராது. அருமையான யோசனைதான். ஆனால் தளத்தில் சேர்வதைக் கட்டாயமாக்கினார்கள், பில்லை ஏற்பதைக் கட்டாயமாக்கவில்லை. கம்பெனி பெயர் பதிந்திருக்கும், என் பில்லுக்கு மட்டும் ஒப்புதல் வராது. கல்யாண மண்டபத்தில் மொய் நோட்டு வைத்துவிட்டு எழுத ஆள் வைக்காத கதை. போர்ட்டலில் ஏற்ற பில் தானாக அங்கே போய் உட்கார்ந்தால் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

"பணம் இழுத்தால் கடன் வாங்கிச் சமாளிக்க வேண்டியதுதானே, அதற்குத்தான் இத்தனை திட்டம் தருகிறோமே" என்று டெல்லியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். திட்டங்கள் இருப்பது உண்மைதான். 2020 மே மாதம் கொரோனா காலத்தில் வந்த அவசரக் கடன் பல பட்டறைகளைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. முத்ரா கடனின் உச்சவரம்பு 2024 பட்ஜெட்டில் 20 லட்சமானது. 2025 பட்ஜெட்டில் கடன் உத்தரவாத வரம்பு 5 கோடியிலிருந்து 10 கோடியானது. எல்லாம் சரி. ஆனால் எனக்கு வர வேண்டிய பணத்துக்கு நானே ஏன் வட்டி கட்ட வேண்டும்?

வங்கிக் கணக்கும் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சி.சி. என்ற நடைமுறைக் கடன் கணக்கில் நான் எவ்வளவு எடுக்கலாம் என்பதை, கையிருப்பும் வர வேண்டிய பாக்கியும் காட்டி மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் தீர்மானிக்கிறது. 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் பொதுவாக அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பார்ட்டி எவ்வளவு இழுக்கிறாரோ, எனக்கு வங்கியில் கிடைப்பது அவ்வளவு குறைகிறது. பணம் தேவைப்படும் நேரம் பார்த்துக் கை சுருங்கும். நான் தவணை கட்ட 90 நாள் பிந்தினால் கணக்கு வாராக்கடன். பெரிய கம்பெனி எனக்கு 120 நாள் பிந்தினால் அதற்குப் பெயர் "கிரெடிட் பீரியட்".

அப்போது எங்கே போவோம்? தெரிந்தவரிடம் இரண்டு ரூபாய் வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு. 1,18,000 ரூபாயை நாலு மாதம் அப்படி ஓட்டினால் வட்டி மட்டும் 9,440. ஒரு லட்ச ரூபாய் ஷாஃப்டில் எனக்கு மிஞ்சுவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தீபாவளி போனஸ் சமயம் என்றால் இரண்டு ரூபாய் மூன்றாகும். விலையைக் குறை, சீனாக்காரன் குறைவாகத் தருகிறான் என்று பர்ச்சேஸ் மேலாளர் சொல்வார். இந்த வட்டி இல்லாவிட்டால் எந்த மானியமும் இல்லாமலே என்னால் விலையைக் குறைக்க முடியும்.

கோவையின் தொழில் எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் இந்தப் பாக்கி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதும் புரியும். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. மில் மெஷின்களை ரிப்பேர் பார்த்த பட்டறைகள் வார்ப்பாலைகளாகவும் மோட்டார், பம்புக் கம்பெனிகளாகவும் ஆயின. இன்றைக்கும் ஒரு பம்பு ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. பேட்டர்ன் ஓர் இடம், வார்ப்பு ஓர் இடம், கடைசல் என்னிடம், சாவிக்காடி வெட்டுவது பக்கத்துச் சந்தில், ஹீட் ட்ரீட்மெண்ட் இன்னோர் இடம், வைண்டிங் வேறு எங்கோ ஒரு வீட்டு முன்வாசலில். இதுதான் எங்கள் பலம். எவனும் எல்லா மெஷினையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மேலே ஒருவர் பணத்தை நிறுத்தினால் நான் ஹீட் ட்ரீட்மெண்ட்காரருக்கு நிறுத்துகிறேன், அவர் ஃபர்னஸ் ரிப்பேர்காரருக்கு நிறுத்துகிறார். கடைசியில் நிற்பவருக்குப் பில்லும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. அவருக்கு உங்கள் 45 நாளும் வராது, 180 நாளும் வராது. இந்த முடிச்சைத் தலையில் அவிழ்த்தால்தான் அவர் வரைக்கும் அவிழும்.

இது பணக்கார நாடுகளுக்குத்தான் கட்டுப்படியாகும் என்று சொல்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டுகிறேன். உப ஒப்பந்தக்காரருக்குப் பொருள் வாங்கிய 60 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற கட்டுப்பாட்டின் ஆணிவேர் அங்கே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. போர் முடிந்து பதினொரு வருடம்தான் ஆகியிருந்தது, நாடு இன்னும் நிமிரவில்லை. பணக்காரர்களான பிறகு அவர்கள் அந்தச் சட்டம் போடவில்லை. அதை நடத்துவதும் சப்ளையரின் புகாரை மட்டும் நம்பி அல்ல. அவர்களுடைய நியாய வர்த்தக ஆணையம் தானே விசாரித்து, கம்பெனியின் பெயரை வெளியே சொல்கிறது. 2024 மார்ச்சில் நிஸான் கார் கம்பெனியே மாட்டியது. 36 சப்ளையர்களுக்குச் சேர வேண்டியதில் சுமார் 300 கோடி யென்னைக் குறைத்துக் கொடுத்ததாக ஆணையம் அறிவித்தது. அந்த 36 பேரில் யார் போய்ச் சொன்னது என்று தேடிப் பழிவாங்க அங்கே வழி குறைவு.

நம்மிடமும் அதற்கான தகவல் கையில் இருக்கிறது. 2019 முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள் அரையாண்டுக்கு ஒருமுறை எம்.எஸ்.எம்.இ.-1 என்ற படிவத்தில் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் தாங்களே ஒப்புக்கொள்கின்றன. யாருக்கு, எவ்வளவு, ஏன் என்று எல்லாம் அதில் வந்துவிடுகிறது. குற்றவாளியே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவன் வந்து புகார் தரட்டும் என்று காத்திருப்பது என்ன நிர்வாகமோ. அது உங்கள் துறை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவுன்சில் தலைவரான நிதியமைச்சரிடமே கம்பெனி விவகாரமும் இருக்கிறது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

எதிர்ப்பு எப்படி வரும் என்றும் தெரியும். பெரிய கம்பெனிகள், எங்களுக்கும் டீலர்கள் பிந்தித்தான் தருகிறார்கள் என்பார்கள். உண்மையாக இருக்கலாம். அவர்களுக்கு வங்கியில் எங்களைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறது, அந்தக் காத்திருப்பை அவர்கள் தாங்கட்டும். சிறியவர்களிடம் வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயமுறுத்தல் இன்னொன்று. கொஞ்சம் நடக்கும். ஆனால் இருநூறு ஷாஃப்ட், நாளை மறுநாள் வேண்டும், டிராயிங்கில் ஒரு திருத்தம் என்று வந்தால் எந்தப் பெரிய பட்டறை அதை எடுத்துச் செய்யும்? எங்களிடம் வருவது தர்மத்துக்காக அல்ல.

அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் பாக்கி வைக்கும் சங்கதிக்கு இந்த வைத்தியம் செல்லாது, ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் இன்புட் எடுப்பதில்லை. அங்கே மட்டும் பணம் வந்த மாதத்தில் வரி கட்ட அனுமதியுங்கள். புதுமை ஒன்றும் இல்லை. சேவை வரி இருந்த காலத்தில், 2012 ஏப்ரல் முதல், தனிநபர்களும் பங்குதாரர் நிறுவனங்களும் 50 லட்சம் வரையிலான சேவைக்குப் பணம் வந்த பிறகுதான் வரி கட்டினார்கள். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வசதி காணாமல் போனது. பொருளுக்கு வாங்கும் முன்பணத்தின் மீது வரி வேண்டாம் என்று 2017 நவம்பரில் நீங்கள்தான் விலக்கினீர்கள். எப்போது வரி கட்ட வேண்டும் என்பதை மாற்றும் பழக்கம் உங்களுக்கு உண்டு.

2025 செப்டம்பரில் ஒரே கூட்டத்தில் வரி அடுக்குகளைக் குறைத்து, அதே மாதம் 22ஆம் தேதி அமலுக்கும் கொண்டுவந்தீர்கள். இத்தனை மாநிலங்களும் சேர்ந்து அவ்வளவு பெரிய மாற்றத்தை அவ்வளவு சீக்கிரம் செய்ய முடிந்தது. நான் கேட்பதில் வரி விகிதம் மாறவில்லை, மானியம் இல்லை, அரசுக்கு வருவாய் இழப்பும் இல்லை. 16(2)இல் ஓர் எண், இன்வாய்ஸ் முறையில் ஒரு வாக்கியம், அரசுத் துறைப் பில்லுக்கு மட்டும் வரி கட்டும் நாளில் ஒரு மாற்றம். சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் போக வேண்டும் என்பது தெரியும், அதற்கு முதலில் உங்கள் பரிந்துரை வேண்டும். அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்க்கும்படி முதலில் தமிழ்நாட்டு நிதியமைச்சரைக் கேட்டுக்கொள்கிறேன். லூதியானாவின் சைக்கிள் பாகப் பட்டறைகளும் ராஜ்கோட்டின் வார்ப்பாலைகளும் இதையே கேட்கும் என்பதால் பஞ்சாபும் குஜராத்தும் கூட நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
கணபதியில் மெஷின் ஷாப் நடத்தும் ஒரு சிறுதொழில்காரன்